மூல ஆவணம்

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எவர்சில்வர் டம்ளரைச் சுண்டுவிரல் நகத்தால் தட்டினால் ஒரு சத்தம் வருமே, அதில் பாதி. பாதிகூட இல்லை. கண்ணாடி வளையல் மரத்தில் பட்ட சத்தம். நான் அதைக் கேட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுக்கு எத்தனையாவது நம்பர்? ஐந்தா. அப்படியானால் நேரம் இருக்கிறது. பிரிண்டரை மடியிலிருந்து இறக்கிக் கீழே வையுங்களேன். மை கொட்டுமா? சரி, மடியிலேயே இருக்கட்டும். உள்ளே நைனா முகமது என் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு நான் வருவது இது ஐந்தாவது தடவை. மார்கழியில் ஆரம்பித்தது, சித்திரை வந்துவிட்டது. ஒரு பாட்டைக் கேட்பதற்கு.

நான் முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். என் வகுப்பில் ஒரு பெண் எழுந்து 'சொல்லுவாங்க டீச்சர்' என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே உட்கார வைத்துவிடுவேன். யார் சொன்னார்கள், எங்கே எழுதியிருக்கிறது, மூல ஆவணம் என்ன? அது இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், இப்போது நான் சொல்லப்போவது எதுவும் என் பேச்சு இல்லை. எல்லாவற்றுக்கும் ஆவணம் இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அபயாம்பாளும் நானும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. அபயம் என்று கூப்பிடுவோம். நான் பாடுவேன், அவள் தம்பூரா போடுவாள். தம்பூரா தெரியும் இல்லையா? நாலு கம்பி. அதை ஒரே மாதிரி மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது. பாடுகிறவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இருக்கவும் வேண்டும், இல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். அபயத்துக்கு அது இயல்பாக வந்தது. அவளும் நன்றாகப் பாடுவாள் என்று விடுதியில் சொல்லிக்கொண்டார்கள். நான் கேட்டதில்லை. அறையில் நான் பாடிக்கொண்டிருப்பேன், கேட்க ஏது நேரம்?

கடைசி வருஷம் எனக்கு வானொலியில் குரல் தேர்வு வந்தது. தேறினால் மாதம் ஒரு கச்சேரி. தம்பூராவுக்கு அபயம் வந்தாள். அவள் அதற்கு முன்பே அங்கே இரண்டு மூன்று பேருக்குப் போட்டிருந்தாள், நிரந்தரமாகவே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது.

அந்த ஒலிப்பதிவு அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வளையல் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. வாசலில் ஒரு பித்தளைத் தட்டு வைத்திருப்பார்கள். எல்லாரும் கழற்றி அதில் போட வேண்டும். போகிற பெண்கள் எல்லாரும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அபயமும் போட்டாள், ஒன்றைத் தவிர. வலது கையில் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல். ஏனென்றால் அவளுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம். புதுப்பெண் வெறுங்கையோடு உட்காரக் கூடாதாம். பி.ஏ. படிக்கிற பெண், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மூடநம்பிக்கை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் பாடினேன். அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தில், அந்த உயர்ந்த ஸ்வரத்தில், போய் நிற்க வேண்டும். போனேன், நின்றேன். அப்போது 'டிக்'. கைக்குட்டை நழுவியிருக்கிறது, வளையல் தம்பூராவில் பட்டிருக்கிறது. குரல் ஒரு நூல் இறங்கிவிட்டது. யாருக்குத்தான் இறங்காது? மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வு பெறவில்லை. மறுபடி நான் போகவில்லை.

நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபத்தில் இல்லை. நடந்ததை எழுத்தில் வைத்தேன், அவ்வளவுதான். ஒரு பக்கம். பின்பக்கத்திலும் கொஞ்சம். அபயத்தை அவர்கள் பிறகு எடுக்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். என் கடிதத்தால்தான் என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள், நானும் நிறுத்திவிட்டேன். யார் முதலில் நிறுத்தியது என்பதற்கும் ஆவணம் இல்லை.

இப்படியே ஐம்பத்திரண்டு வருஷம்.

போன மார்கழியில் பாளையங்கோட்டையிலிருந்து எட்வின் என்று ஒருவர் கூப்பிட்டார். அன்று எங்களைப் பதிவு செய்த ஆரோக்கியசாமியின் மகன். கழித்துப் போட்ட டேப்புகளை ஆரோக்கியசாமி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்திருந்தாராம். அவர் காலத்துக்குப் பிறகு மகன் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். ஒரு பெட்டியின் மேல், 'பாட்டு: கமலவேணி. தம்பூரா: அபயாம்பாள்' என்று எழுதியிருந்ததாம். கமலவேணி நான்தான்.

அன்றைக்கே மின்னஞ்சலில் பாட்டை மட்டும் எம்பி3 என்று ஒன்றாக்கி அனுப்பிவிட்டார். போனில் கேட்டேன். என் குரல். இருபது வயதுக் குரல். மேல் ஷட்ஜம் வந்தது. குரல் இறங்கியது, அது மட்டும் பளிச்சென்று கேட்டது. 'டிக்' இல்லை. பதினோரு தடவை கேட்டேன். இல்லவே இல்லை.

எட்வினைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த எம்பி3 இருக்கிறதே, அது சின்னதாக இருப்பதற்காகச் சில சத்தங்களை எடுத்துவிடுமாம். ஒரு பெரிய சத்தத்தின் பக்கத்திலே ஒரு சின்னச் சத்தம் இருந்தால் காது அதைக் கவனிக்காது என்று அதுவாக முடிவு செய்து நீக்கிவிடுமாம். யாரைக் கேட்டு நீக்குகிறது என்றேன்.

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். லாஸ்லெஸ். அது வேறு வகையாம். எதையும் எடுக்காது. டேப்பில் என்ன இருந்ததோ அது அப்படியே. தும்மினால் தும்மல், நாற்காலி நகர்ந்தால் நாற்காலி. இழப்பில்லாதது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுபத்திரண்டு வயதாகிறது, இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"பாட்டுக்கு முன்னாடி பேச்செல்லாம் இருக்கு மேடம். அதை எடுத்துட்டு அனுப்பவா?" என்றார்.

"ஒரு நூலைக்கூட எடுக்காதீங்க. நான் வரலாறு படிச்சவ" என்றேன்.

மின்னஞ்சல் அதைச் சுமக்காதாம். பென் டிரைவில் ஏற்றிக் கூரியரில் அனுப்பினார். டேப் உதிர்ந்துவிட்டது, இனி ஓடாது என்றார். தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், மூல ஆவணம் ஒரு கையில்தான் இருக்க வேண்டும் என்றேன். அழித்துவிட்டார். நல்ல மனிதர், சொன்னால் கேட்கிறவர்.

அந்த வாரமே பூங்கோதை கூப்பிட்டாள். அபயத்தின் மகள், திருவெறும்பூரில் இருக்கிறாள். அவளுக்கும் எட்வின்தான் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறார். பாடியவர் அனுமதி இல்லாமல் தர மாட்டேன் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அம்மா குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி. அதுல இருக்குமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். "தம்பூராவுக்குக் குரல் ஏதும்மா? பாட்டு என்னுது" என்றேன். "ஆனா உங்கம்மா செஞ்ச ஒரு சத்தம் இருக்கு. அனுப்புறேன், கேளு." தாங்க்ஸ் ஆன்ட்டி என்றாள். அம்மாவைப் போலவே மெதுவாகப் பேசுகிறாள். ஒரு பிரதி அவளுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். உண்மை அந்த வீட்டுக்கும் தெரிய வேண்டுமே.

பென் டிரைவ் வந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு, என் வீட்டுக்காரர் அதில் சீட்டாடுவார். சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காது கேட்காது, ஆனால் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். சொருகினார், சொடுக்கினார். 'இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை' என்று வந்தது. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு நிராகரிப்பு, அதே மாதிரி ஒரே வரியில். பாட்டின் பெயருக்குப் பின்னால் எஃப்.எல்.ஏ.சி. என்று ஒரு வால் இருந்தது. அந்த வால்தான் பிரச்சினை என்று இவர் அதை அழித்துவிட்டு எம்.பி.3 என்று எழுதினார். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா? முன்பாவது முடியவில்லை என்று சொன்னது, இப்போது ஒன்றுமே சொல்லவில்லை.

அப்படித்தான் இந்தக் கடைக்கு முதல் தடவை வந்தேன். நைனா முகமது வாலைத் திருப்பி ஒட்டினார். இந்த வகைப் பாட்டைப் பிரித்துப் படிக்க உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒன்று வேண்டும் டீச்சரம்மா, உங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை என்றார். அதோடு சேர்ந்து வருகிற ஒரு இலவச பிளேயரை ஏற்றிக் கொடுத்தார். ரோடு போடுகிற இடத்தில் ஆரஞ்சுத் தொப்பி வைப்பார்களே, அந்தப் படம் போட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். ஓடியது. கோடு நகர்கிறது, நிமிஷம் நகர்கிறது, சத்தம் இல்லை. மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன். ஸ்பீக்கர் வயரைப் பச்சைத் துளையில் சொருகாமல் இவர் ரோஜா நிறத் துளையில் சொருகியிருந்தார். அது பேசுகிற துளையாம், கேட்கிற துளை பச்சையாம். சரி செய்து கொண்டுபோனால் ஸ்பீக்கரே கரகரவென்றது. மூன்றாவது தடவை வந்து புதிதாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். வயரே கிடையாது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஓட்டினேன். எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், நேராக அங்கேயே கொண்டுபோனேன். மேல் ஷட்ஜம். குரல் இறங்கியது. அப்புறம் 'டிக்'.

இருக்கிறது. கேட்டீர்களா? இருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "கேட்டுதா, கேட்டுதா?" என்று இவரைக் கேட்டேன். கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு தரம் போடு என்றார். போட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நிமிஷமும் வினாடியும் ஓடும்.

"நீ எறங்கினது நாலு பன்னெண்டு. டிக்கு வர்றது நாலு பதினாலு" என்றார்.

"அதனால என்ன?"

"நீ எறங்கினப்புறம்தான் அது வருது, கமலம். நீ எறங்கவும் அந்தப் பொண்ணு திடுக்கிட்டிருக்கும். கை ஆடியிருக்கும்."

நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனம். இந்த மனிதர் ஒரு தடவைகூட என் பக்கம் பேசியதில்லை, அதுவும் ஒரு காதை வைத்துக்கொண்டு.

எனக்குச் சட்டென்று விளங்கியது. ப்ளூடூத். அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும் என்று அந்த ஸ்பீக்கர் பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆக 'டிக்' தாமதமாகிவிட்டது. நேரே நைனா முகமதுவிடம் வந்தேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "தாமதமானா எல்லாம் சேர்ந்துதான் தாமதமாகும் டீச்சரம்மா. உங்க குரலும் அதுவும் ஒரே பஸ்லதானே வருது" என்றார். பெரிய சத்தம் முன்னால் வரும், சின்னச் சத்தம் மெதுவாக வரும், அதுதான் உலகத்தில் நடப்பது என்றேன். சிரித்துவிட்டு ஒரு வயர் ஸ்பீக்கரைக் கொடுத்தார். அதிலும் நாலு பன்னெண்டு, நாலு பதினாலுதான். இரண்டு வினாடி. பழைய டேப் இல்லையா, ஐம்பத்திரண்டு வருஷம் பரணில் கிடந்து நீண்டிருக்கும். முன்னது பின்னது ஆகியிருக்கும். முக்கியமான விஷயம், 'டிக்' இருக்கிறது. இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டாதவர். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அதை முதலிலிருந்து ஓட்டியிருக்கிறார். வந்ததும் கதவருகிலேயே, "இத ஆரம்பத்துலேருந்து கேட்டியா?" என்றார். எதற்குக் கேட்க வேண்டும்? பாட்டு நாற்பதாவது வினாடியில்தான் தொடங்குகிறது.

கேட்கச் சொன்னார். கேட்டேன்.

முதலில் கரகரப்பு. அப்புறம் ஆரோக்கியசாமி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறார், வளையலெல்லாம் கழற்றியாச்சா என்று. கழற்றியாச்சு சார் என்கிறாள் அபயம். அப்புறம் ஒரு பெண் குரல் தாழ்ந்து வருகிறது.

"ஒண்ணு போட்டுக்கடி. புதுசா கல்யாணமானவ வெறுங்கையோட என் பின்னால உக்காந்தா எனக்குப் பாட்டு வராது."

"சத்தம் வந்துட்டா?"

"வந்தா நான் சொல்லிக்கிறேன். போட்டுக்க."

அபயம் சிரிக்கிறாள். கதவு திறக்கிறது, தட்டில் வளையல் சலசலக்கிறது. கதவு மூடுகிறது. அப்புறம் தம்பூரா.

அது உன் குரல்தானே என்று இவர் கேட்டார். என் குரல் எனக்குத் தெரியாதா? அது என் குரல் இல்லை. டேப்பில் கேட்டால் யார் குரலும் வேறு மாதிரிதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறையில் வேறு யாராவது இருந்திருப்பார்கள். இருவர்தானே இருந்தீர்கள் என்கிறார். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேனாம். சொல்லியிருப்பேன், அதற்கென்ன?

நீங்கள் மடியிலிருக்கிற பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை.

அதனால்தான் இன்றைக்கு ஐந்தாவது தடவை. அந்த முதல் நாற்பது வினாடியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அதில் விஷயம் எதுவும் இல்லை, வெறும் இரைச்சல். ஒரு ஆவணத்தைப் பிறர் கையில் கொடுக்கும்போது தேவையில்லாததை நீக்கிக் கொடுப்பதுதான் முறை. பூங்கோதைக்கு நேரே பாட்டில் ஆரம்பித்தால்தான் மரியாதையாக இருக்கும்.

நைனா முகமதுவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அந்தச் சிரிப்பை மாத்திரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று. அபயம் அப்படிச் சிரிப்பாள். மூக்கில் ஆரம்பித்துத் தொண்டைக்கு வரும். விடுதியில் விளக்கை அணைத்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன், மூன்று வருஷம். அவர் போட்டுப் போட்டுப் பார்த்தார். முடியாது டீச்சரம்மா என்றார். என் குரலும் அவள் சிரிப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறதாம். நான் 'போட்டுக்க' என்று முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும், எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும்.

இதோ, கூப்பிடுகிறார்.

"டீச்சரம்மா, ரெடி. எடுத்துட்டு அதுமேலேயே சேவ் பண்ணவா? பண்ணினா பழசு இருக்காது. ஒரு காப்பி தனியா வச்சுடட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணு போதும். எடுங்க."

"நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?"

"எடுங்கன்னு சொல்றேன்ல."

ஆயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை பாருங்கள். இதற்கா நாலு மாதம் அலைந்தேன். மீதி முழுவதும் லாஸ்லெஸ்தான், கேட்டுவிட்டேன், அதில் ஒரு குறையும் வராதாம். தபால் ஆபீஸ் நாலு மணி வரை இருக்கும். இன்றைக்கே பூங்கோதைக்குப் போட்டுவிடலாம்.

உங்கள் நம்பரைக் கூப்பிடுகிறார்கள், போங்கள். என்ன கேட்டீர்கள்? அபயமா?

அபயம் தம்பூராவை அப்புறம் தொடவில்லை. லால்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் பேசுவாளாம். போன புரட்டாசியில் மகள் வீட்டில் இறந்துபோனாள்.